முள் இறங்கினால்

ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, என் காருக்குக் கை நீட்டினாள். நைட் ஷிஃப்ட் முடிந்து பிள்ளைப்பாக்கத்து ரூமுக்குப் போகிறவள். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. கண் சிவந்திருந்தது. நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு. பேச்சு திருநெல்வேலிப் பக்கம்.

என் காருக்கு என்னைவிட வயது அதிகம். அவளோ ஏறியதிலிருந்து அதன் ஆயில் பிரஷர் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சிக்னலில் நின்றோம். முள் சரிந்தது. அவள் கை விருட்டென்று மேலே போனது.

"அக்கா, நிப்பாட்டுங்க!"

"நின்னுக்கினுதானே இருக்கோம்!" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. "முள்ளு எறங்கிட்டுல்லா? எங்க கம்பெனி லைன்ல மிஷின் முள்ளு எறங்கினா உடனே கையத் தூக்கணும்க்கா. இல்லேன்னா சூப்பர்வைசர் ஏசுவாரு."

"இது பழைய இன்ஜின்மா. சூடானா ஆயில் இளகிடும். நிக்கும்போது மெதுவா சுத்துது, அதான் பிரஷர் குறையுது. கிளம்பினா ஏறிடும். அடியோட விழுந்தாதான் பயப்படணும்."

பச்சை விழுந்தது, கிளம்பினேன். முள் ஏறியது. அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"அப்போ சும்மா நிக்கும்போது கொறஞ்சா தப்பில்லையாக்கா?"

"தப்பே இல்ல."

கொஞ்ச தூரத்தில் தலை சாய்ந்து தூங்கிப்போனாள்.

பிள்ளைப்பாக்கம் வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாளோ என்று இன்ஜினையும் அணைக்காமல் ஓரமாக நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். முள் நன்றாக இறங்கியிருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.