வேட்டியில் ஒட்டிய விதைகள்

அக்காள் குற்றாலத்தில் பாறை வழுக்கி விழுந்து இறந்தாள் என்றே வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அத்தான் அன்று முழுவதும் தென்காசிக் கடையில் இருந்ததாகச் சொல்லியிருந்தார். ஆனால் அன்று கட்டியிருந்து அவர் துவைக்கப் போட்ட வேட்டியில், அக்காளின் சேலையில் நான் கண்ட அதே முள் விதைகள் ஒட்டியிருந்தன.

"ஏட்டி, சாவுத் தீட்டுத் துணியத் தொவைக்கக் குடுத்துரு. குடும்ப மானம் போவுது," என்றார் அண்ணன்.

"போனாப் போவட்டும். தொவைக்க விடமாட்டேன்," என்று சொல்லிவிட்டு, வேட்டியைக் காவல் நிலையத்தில் கொடுத்தேன்.

அருவிக்கு மேலுள்ள ஈரக் காட்டுச் செடியின் விதைகள் அவை, தென்காசியில் அந்தச் செடி முளைப்பதில்லை என்று தாவரவியல் பேராசிரியர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்.

"புல்லு பூண்டெல்லாம் சாட்சியாம்மா?" என்று அத்தானின் வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தலை குனியவில்லை.

அக்காளைத் தள்ளிவிட்டது அத்தான்தான் என்று தீர்ப்பாகி, அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அண்ணன் எங்கள் வாசலை மிதிப்பதில்லை. அக்காளின் மகளும் நானும் இருக்கிறோம்.