யூனிட்டில் இல்லாதவள்

என் மகளுக்கு ஒன்பது வயதாகும்வரை அவளிடமிருந்து ஒரு முழுத் தமிழ் வாக்கியத்தை என்னால் வாங்க முடியவில்லை. நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி ஐதராபாத் வந்து, ஒரு மத்திய அரசு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவள். மற்றவர்கள் பற்றவைத்த சின்னச் சின்ன இணைப்புகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, தேறும் தேறாது என்று சொல்வதுதான் வேலை. வீட்டிலும் அதே கண்தான் எனக்கு. மகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பேசினாள். தெருவில் இந்தியும் உருதும் கலந்த ஒன்றைப் பேசினாள். "சாப்பிட வாட்டி" என்றால் "நக்கோம்மா" என்று பதில் வரும், வேண்டாம் என்பதற்குத் தெருவில் சொல்லும் சொல். நான் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும், தமிழில் திருப்பிச் சொல்லத்தான் மாட்டாள். அவள் அப்பா வடக்கே ஒரு சைட்டில் இருந்தார், சில மாதங்களுக்கு ஒருமுறைதான் வருவார். ஆக, வீட்டில் தமிழ் பேசுவது நான் ஒருத்தி, கேட்பது அவள் ஒருத்தி.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில், மௌலா அலி குன்று தெரியும் எங்கள் காலனியின் பின்கேட்டுக்கு வெளியே இருந்த ஒரு மாடி வீட்டை ஒரு தெலுங்குப் படக்காரர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். அதில் நடிக்க வேண்டிய குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது. வேடிக்கை பார்க்கப் போன பிள்ளைகளில் என் மகளுக்குத்தான் முடி நீளம். புரொடக்ஷன் மேனேஜர் வீடு தேடி வந்து கேட்டார். கதாநாயகனின் அக்கா மகள் வேஷம், சின்ன வேஷம்தான், பகலில் மட்டும் அனுப்பினால் போதும் என்றார். விடுமுறையில் அவளை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்பது எனக்கு வருஷா வருஷம் வரும் கவலை. சரி என்றேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதல் நாள் லீவு போட்டுக் கூடவே போனேன். சினிமா என்றால் நடிகர்கள், ஒரு கேமரா, சத்தம் போடும் ஒரு டைரக்டர், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டில் அன்று இருந்த, யூனிட் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட கூட்டத்தில் நடிப்பவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கூடத்தின் மேலே கட்டிய பலகைகளில் லைட்காரர்கள் குந்தியிருந்தார்கள். வாசலில் ஜெனரேட்டர் வண்டி, அதற்கு ஒருவர். வெயிலைத் திருப்பிவிடும் வெள்ளிப் பலகையைப் பிடிக்க இருவர். சமையலுக்கு ஒரு கூட்டம். டீ கொடுக்க மட்டும் ஒருவர். முக்கால்வாசிப் பேர் மெட்ராஸிலிருந்து வந்தவர்கள். தெலுங்குப் படத்தை எடுத்துக்கொண்டே தங்களுக்குள் மெட்ராஸ் தமிழில் திட்டிக்கொண்டார்கள். எனக்கு ஊருக்குள் வந்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைக்கும் நீடித்தது.

கதாநாயகிக்கு முடி அலங்காரம் செய்ய ஒரு பெண் வந்திருந்தாள். ஒல்லியாக, வாயில் எப்போதும் இரண்டு ஹேர்பின்னைக் கவ்விக்கொண்டு இருப்பாள். எல்லோருக்கும் அவள் அக்கா. என் மகளுடைய தலையும் அவள் பொறுப்புக்கு வந்தது. காலையில் நான் பின்னிவிட்ட இரட்டைச் சடையை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள், "யாரு கண்ணு இவ்ளோ இறுக்கமாப் பின்னிக்கிறது? தலை நோவல?"

"ரொம்ப நோவும்க்கா" என்றாள் என் மகள்.

நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். ஒன்பது வருஷமாக நான் காத்திருந்த தமிழ் அது. என் பின்னலைப் பற்றிய புகாராக, வேறொருத்தியிடம் போய் விழுந்தது.

அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போய்விட்டு, மாலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அந்த வீட்டுக்கு ஓடுவேன். ஒவ்வொரு நாளும் அவளில் ஒரு பகுதியை யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேமரா உதவியாளர் ஒருவர் டேப்பின் ஒரு முனையை கேமராவிலும் மறு முனையை அவள் மூக்கு நுனியிலும் வைத்து அளப்பார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள், டாக்டரிடம்கூட அப்படி நின்றதில்லை. உடைக்காரருக்கு அவள் தோள் அளவு மனப்பாடம். அவளுடைய நீலக் கவுனை அவரே தினமும் துவைத்து, அதிலிருந்த மைக்கறை மட்டும் போகாமல் பார்த்துக்கொள்வார். கதையில் எல்லாம் ஒரே நாள் என்பதால் கறை அப்படியே இருக்க வேண்டுமாம். நான் துவைத்தால் அந்தக் கறையைத்தான் முதலில் எடுத்திருப்பேன். மேக்கப்காரர் ஒருநாள் என்னிடம், பாப்பாவுக்குக் காதுக்குப் பின்னால் மச்சம் இருக்கிறது, கேமராவுக்குத் தெரியாது, கவலைப்படாதீர்கள் என்று சொன்னார். அந்த மச்சத்தை எனக்கு அறிமுகப்படுத்தி வைத்தார்.

நான் போய் நின்றால் மேலே பலகையிலிருந்து ஒரு லைட்காரர் குரல் கொடுப்பார். "பாப்பா, உங்கம்மா வந்துட்டாங்க பாரு. நாம உன்னைத் துண்ணுட்டமான்னு செக் பண்ண வந்துகிறாங்க." எல்லோரும் சிரிப்பார்கள். என் மகளும் சிரிப்பாள். நான் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்தால் "அப்பால துண்றேம்மா" என்பாள். கேட்டது தமிழ்தான். ஆனால் அந்த இழுப்பு, அந்தக் கழுத்துச் சாய்ப்பு எல்லாம் அந்த அக்காவுடையது. என் வீட்டுக்குள் என் மகளின் வாயில் உட்கார்ந்துகொண்டு அவள் என்னிடம் பேசினாள்.

படப்பிடிப்பு பாதி தாண்டியபோது புரொடக்ஷன் மேனேஜர் மறுபடி வந்தார். அடுத்த படம் மெட்ராஸில், அதில் குழந்தைக்கு நல்ல வேஷம் இருக்கிறது, சில மாதம் அங்கே இருந்தால் போதும் என்றார். பள்ளிக்கூடத்துக்கு ஏற்பாடு செய்வார்களாம். தங்குவதற்கு அந்த அக்கா தன் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னாளாம். படப்பிடிப்பு முடிந்து கிளம்பும் பேக்கப் அன்று பதில் சொன்னால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவருக்கு டிரங்க் கால் போட்டேன். இரைச்சலுக்கு நடுவே, உன் இஷ்டம் என்றார். மகள் அன்றே தன் துணிகளைக் கட்டிலில் எடுத்து வைத்துவிட்டாள். மெட்ராஸில் கடல் இருக்கிறது, அக்கா கூட்டிப்போவாள் என்றாள். "நான் வர வேண்டாமாட்டி?" என்று கேட்டேன். "உனக்கு ஃபேக்டரி கீதேம்மா" என்றாள், எனக்காக வருத்தப்படுகிற குரலில்.

கடைசி இரண்டு மூன்று நாட்களில் ஒருநாள், காய்ச்சல் சீன் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். அன்று அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். வாசலில் இருந்தவர் உதட்டில் விரல் வைத்தார். டேக் நடந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் உள்ளே போய் ஜன்னலோரம், ஒரு லைட் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றேன்.

கூடத்தின் நடுவில் பாயில் என் மகளைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. மூக்கில் பஞ்சு. கழுத்தில் மாலை. அந்த நீலக் கவுன். அம்மாவாக நடித்த பெண் அவளைத் தூக்கி மடியில் போட்டு அழுதாள். என் மகளுடைய தலை பின்னால் தொங்கியது, கை சரிந்து தரையில் இடித்தது. இது காய்ச்சல் சீன் இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பெண் அழுத அழுகையைப் பார்த்து லைட்காரர்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள்.  எனக்கு, என் பிள்ளைக்காக அழ இவள் யார் என்று ஒரு எரிச்சல் வந்தது.

கட் சொன்னார்கள். ஆனால் கேமராவை நிறுத்தவில்லை. சினிமாவில் ஒரு வழக்கம் இருக்கிறது. செத்தவராக நடித்தவர் எழுந்திருக்கும் முன்பு கேமராவைப் பார்த்துச் சிரித்தாக வேண்டும். அந்தச் சிரிப்பையும் ஃபிலிமில் எடுத்துவிட்டால் தோஷம் போய்விடும் என்று நம்புகிறார்கள். ஃபிலிம் வீணாவதைப் பற்றி நாள் முழுக்கச் சண்டை போடுபவர்கள், அதற்கு மட்டும் கணக்குப் பார்க்கமாட்டார்கள்.

"நவ்வு பாப்பா" என்றார் டைரக்டர். என் மகள் சிரிக்கவில்லை. உதவி டைரக்டர் குனிந்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மேலேயிருந்து லைட்காரர் தமிழில் கூப்பிட்டார். கண் திறக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெக்கையில் மயங்கிவிட்டாளோ என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

நான் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "ஏட்டி" என்று கூப்பிட்டேன். கன்னத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. உதட்டை வெளிற வைத்து, வேர்வை வராமல் இருக்க ஐஸ் துணியால் முகத்தை ஒற்றியிருந்தார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். கழுத்து நிற்கவில்லை. தூக்கினால் துணி மாதிரித் தொங்க வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியிருந்தார்கள். "எம்மா, அம்மா வந்துருக்கேன், கண்ணத் தொறம்மா" என்று நான் கத்தினேன். பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

கதாநாயகியின் அறையிலிருந்து அந்த அக்கா ஓடி வந்தாள். வாயிலிருந்த பின்னைக் கையில் எடுத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள். "கண்ணு, முடிஞ்சிடுச்சு. சிரி."

என் மகள் கண்ணைத் திறந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்த அக்காவைப் பார்த்து. என் கைகளில் இருந்துகொண்டு.

எல்லோரும் கை தட்டினார்கள். முந்தைய டேக்குகளில் யார் எதற்குக் குரல் கொடுத்தாலும் என் மகள் கண்ணைத் திறந்து ஃபிலிமை வீணாக்கியிருக்கிறாள். அதனால், தான் வந்து சொன்னால்தான் திறக்க வேண்டும், வேறு எவர் கூப்பிட்டாலும் அசையக்கூடாது என்று அந்த அக்கா சொல்லி வைத்திருந்தாள். நடுவில் கதாநாயகிக்குக் கொண்டை அவிழ்ந்துவிட்டதென்று அவளை அழைத்துப் போய்விட்டார்கள். சொல்லி வைத்தது இன்னொருவருக்கும் தெரியாது. என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். டைரக்டர் கேட்டார். எல்லோரும் கேட்டார்கள். சோடா வாங்கிக் கொடுத்தார்கள். நான் அதைக் கீழே வைத்துவிட்டு, அவள் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினேன்.

வீட்டுக்கு வந்து, அவள் முகத்திலிருந்த வெள்ளையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"அம்மா கூப்பிட்டது கேக்கலையாட்டி?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் முழிக்கல?"

அவள் யோசிக்கவேயில்லை. "நீ யூனிட் இல்லியேம்மா."

பேக்கப் அன்று முடியாது என்று சொல்லிவிட்டேன். புரொடக்ஷன் மேனேஜர் இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். அந்த அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் மகளை முன்னால் உட்கார வைத்து, கடைசியாக ஒரு தடவை தலை வாரிவிட்டாள். தளர்வாகப் பின்னி, அது அவிழாமல் இருக்க எங்கே முடிச்சுப் போடுவது என்று எனக்குக் காட்டினாள். "நீங்க அனுப்பாததுதாம்மா சரி" என்றாள். அதையும் அவள்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வண்டிகள் போன பிறகு என் மகள் அழுதுகொண்டே சாப்பிடாமல் படுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போக விடாதது தவறு என்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. ஆனால் அன்றிலிருந்து பல வருஷம், காலையில் பள்ளிக்கு எழுப்பும்போது அவள் உடனே கண் திறக்காவிட்டால், முதலில் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் கூப்பிடுவேன்.

படம் அடுத்த வருஷம் செகந்திராபாத்தில் ஓடியபோது இருவரும் போனோம். அந்த சீன் வந்தது. தியேட்டர் முழுக்க விசும்பல். நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அவள் கையைப் பிடித்திருந்தேன். சிரித்தது படத்தில் இல்லை, அதை வெட்டியிருந்தார்கள்.

என் மகள் தன்னைப் பார்க்கவேயில்லை. திரையின் ஓரங்களைப் பார்த்துக்கொண்டு என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தத் தூணுக்கு மேலே லைட் அண்ணன் குந்திக்கிறார். இந்தப் பக்கம் டேப் அண்ணன். கதவுக்குப் பின்னால் டீ அண்ணன், அவருக்கு இருமல், அடக்கிக்கொண்டு நிற்கிறார். அக்கா இப்போதுதான் அந்த ரூமுக்குப் போனாள். கண்ணை மூடிக் கிடந்தவளுக்கு ஒவ்வொருவரும் எங்கே நின்றார்கள் என்று தெரிந்திருந்தது.

"நான் எங்கட்டி நின்னேன்?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "நீ அப்போ ஃபேக்டரிலம்மா."

இல்லை, வந்துவிட்டேன், அந்த ஜன்னலோரம், லைட் ஸ்டாண்டுக்குப் பின்னால் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் ஜன்னலைத் தேடித் திரும்புவதற்குள் அந்த ஷாட் போய்விட்டது.