ஊர் எது என்று கேட்டார்கள்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாலத்தடி பஜார், அந்தப் பக்கம் ஆமி கேம்ப். தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது கேம்பின் முள்கம்பிதான். பஜாரின் பதினாறு கடைகளும் சிப்பாய்களை நம்பியே திறந்திருந்தன. அவர்கள் லீவில் போய்விட்டால் தேத்தண்ணிக் கடை அடுப்பில் பூனை படுத்திருக்கும்.

நல்லமுத்து பதின்மூன்று வருடமாகக் கேம்ப் குசினியில் வெங்காயம் உரித்து வந்தார். வெயிலோ மழையோ, காலை ஐந்து மணிக்குப் பாலத்தைக் கடந்து, கேட்டில் பாஸைக் காட்டிவிட்டு உள்ளே போவார். சாயங்காலம் திரும்பும்போது சட்டையெல்லாம் வெங்காய நெடி.

"இந்த மனுசன் பக்கத்துல வந்தாலே கண்ணு கலங்குது. அழறதுக்குன்னே எங்கப்பன் கட்டிக் குடுத்திருக்கான்" என்று அவர் மனைவி அம்மாக்கண்ணு அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கோடு சண்டை போட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவர் அவர். அங்கே வரிசை வீடுகளான லயத்தில் அவர் இருந்த காம்பராவில் இப்போது வேறு குடும்பம். கேம்ப் வேலை போனால் அவர்களுக்குத் திரும்பிப் போக இடமில்லை.

அறுபத்து மூன்றாம் வருடம், கேம்பில் வேலை செய்யும் வெளியாட்களுக்கெல்லாம் புதிய பாஸ் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. இலங்கையில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் பாஸ். கேட்டில் உட்கார்ந்திருந்த இளம் கிளாக்கர் நல்லமுத்துவின் பெயரைக் கேட்டான், தகப்பன் பெயரைக் கேட்டான். பிறகு தலை நிமிராமல், "கம கொஹேத?" என்றான். ஊர் எது என்பதற்குச் சிங்களத்தில் அப்படித்தான் கேட்பார்கள்.

"முசிறி" என்றார் நல்லமுத்து.

அது எங்கே இருக்கிறது என்று அவன் கேட்டதற்கு, இந்தியாவில், திருச்சிப் பக்கம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். கிளாக்கர் எழுதிக்கொண்டான். பழைய பாஸை வாங்கி மேசை டிராயருக்குள் போட்டான்.

நல்லமுத்து கடலையே பார்த்ததில்லை. அவர் தகப்பனுக்குக்கூட முசிறி சரியாக ஞாபகமில்லை. ஆனால் தோட்டத்துச் சனங்களுக்கு லயம் என்பது இருக்கிற இடம். ஊர் என்பது வேறு. பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பதே ஊரைத்தான். அதனால் பேசப் பழகும்போதே பிள்ளைகள் அந்தப் பெயரையும் பழகிவிடுவார்கள்.

அடுத்த வாரம் கேட்டில் பதில் கிடைத்தது. இந்தியாவில் பிறந்தவர், பாஸ் இல்லை.

அதன் பிறகு அவர் மூன்று தடவை பஸ் ஏறிப் பழைய தோட்டத்துக்குப் போனார். முதல் தடவை ஆபீஸ் பூட்டியிருந்தது. இரண்டாம் தடவை பதிவுப் புத்தகம் கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை, ஏழாம் நம்பர் லயத்தில் பிறந்த ஆண் பிள்ளை நல்லமுத்து என்று ஒரு கடிதம் கிடைத்தது. அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தார். அம்மாக்கண்ணு அன்றைக்கு ஒன்றும் கேலி பேசவில்லை. தலையைத் துவட்டத் துணி கொடுத்தாள்.

குசினி சார்ஜன்ட் பண்டா அவரைக் கேப்டனிடம் கூட்டிப்போனார். கேப்டன் கடிதத்தைப் படித்துவிட்டு, இங்கே பிறந்தவன் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார்.

நல்லமுத்து தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "பொய் சொல்லலிங்க, துரை. கம எதுன்னு கேட்டாங்க. கமயச் சொன்னேன். பொறந்த எடத்த யாரும் கேக்கல."

சார்ஜன்ட் இடையில் புகுந்தார். "சேர், எனக்கும் கம மாத்தறைதான். பிறந்தது பதுளையில். மாத்தறைக்கு நான் இன்னும் போனதில்லை."

கேப்டன் சிரிக்கவில்லை. மூன்று மாதத்துக்குப் பாஸ் எழுதிக் கொடுத்தார். அது முடிந்ததும் கடிதத்தோடு மறுபடி வர வேண்டுமாம். சார்ஜன்ட்டிடம் யாரும் கடிதம் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் நல்லமுத்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தார். கால் இரண்டும் கடுத்தன. பெஞ்சில் புதிதாக ஒரு தமிழ் ஆள் உட்கார்ந்திருந்தான். சாலை வேலைக்கு வந்தவன் போல. சிநேகமாகச் சிரித்து, "அண்ணனுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டான்.

நல்லமுத்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஏழாம் நம்பர் லயம்" என்றார்.

அவன் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தான். "அது சரிங்கண்ணே, ஊரு?"

நல்லமுத்து சட்டைப்பையில் பாஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பாதித் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"காலையில வெங்காயம் உரிக்கணும் தம்பி, வர்றேன்."