வீட்டிலும் கைகாட்டினேன்

அறுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தில் எனக்குக் கைகாட்டும் வேலை. குடாவில் நங்கூரமிட்ட கப்பலில் இருந்து அரிசி மூட்டைகளைக் கயிற்று வலையில் தூக்கி, பக்கத்தில் கட்டிய தட்டைப் படகில் இறக்குவார்கள். தூக்குகிற வின்ச்சை ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் அடியும் தெரியாது, படகும் தெரியாது. விளிம்பில் நிற்கும் என் கை மட்டும்தான் தெரியும். கட்டைவிரலை உயர்த்தினால் தூக்குவான், உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்குவான், கையைப் பொத்தினால் நிறுத்துவான். வின்ச் போடுகிற சத்தத்தில் வாய்க்கு அங்கே வேலையே இல்லை.

ஒருநாள் வலை சரிந்து, படகில் நின்ற கிண்ணியா ஊர்க்காரர் ஒருவரின் காலடியில் மூட்டை விழுந்தது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் ஆள் இல்லை. அவர் மேலே என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார். எங்களை மேய்க்கிற ஓவசியர்தான் துள்ளினார். இன்னொரு தரம் நடந்தால் நான் வீட்டிலேயே இருக்கலாம் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். ஒருநாளாவது வலைக்குக் கீழே நின்றிருந்தால் அந்த ஆளுக்கு அவ்வளவு வாய் வந்திராது.

அதன்பிறகு வீட்டுக்கு வந்தும் நான் கப்பலில்தான் நின்றேன். கையை முந்திக் கவிழ்த்தேனா, வின்ச்சுக்காரன் பிந்திப் பார்த்தானா? கதிரையில் சாய்ந்தபடி இதையே அரைத்துக்கொண்டிருப்பேன். மனைவி சோற்றில் சொதி ஊற்றினால் போதும் என்பதற்குக் கையைப் பொத்துவேன். இன்னும் வேண்டுமென்றால் கட்டைவிரல். அவளும் சிரித்துப் பார்த்தாள், சினந்தும் பார்த்தாள்.

மூன்று வயது மகளுக்கோ வாய் ஓயாது. கோழியோடும் கதைப்பாள். என்னிடம் வரும்போது மட்டும் முன்னால் நின்று கட்டைவிரலை உயர்த்துவாள். தூக்க வேண்டுமாம். கெட்டிக்காரி, தொழிலைப் பிடித்துவிட்டாள் என்று நான் பெருமைப்பட்டேன்.

ஒரு பின்னேரம் மனைவி கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பிள்ளை இண்டைக்கு என்ன கேட்டவள் தெரியுமே? அப்பாவுக்குக் கதைக்க ஏலாதோ எண்டு கேட்டவள்.”

சொல்லிவிட்டுச் சமையலைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். மகளைக் கூப்பிட்டு மடியில் இருத்தினேன். ஏதாவது கதை சொல்லலாம் என்றால் அந்த மூட்டையைத் தவிரத் தலையில் ஒன்றுமில்லை. அதையே சொன்னேன். வலை சரிந்தது, அந்த மனிதர் என்னைப் பார்த்தது, நாளைக்கும் கை பிழைத்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருப்பது, எல்லாம். மனைவிக்குக்கூட அதுவரை சொல்லாதவை.

மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டையோ ஓவசியரோ அவளுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. மடியால் வழுக்கி இறங்கிக் குசினிக்கு ஓடினாள்.

“அம்மா, அப்பா கதைக்கிறார்.”