கருத்தில் கொல்லவும்

அந்த நீதிமன்றத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வக்கீல்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும், வாசலில் வண்டிகளைப் பார்த்துக்கொள்பவருக்கும்கூட அவள் 'காது'தான். "காதைக் கூப்பிடுப்பா", "காது இன்னிக்கு லீவா?" என்று பேசிக்கொள்வார்கள். கேலிக்கு வைத்த பெயர் நாளாவட்டத்தில் மரியாதையாகிவிட்டது.

அவளுக்குப் படியெடுப்புப் பிரிவில் வேலை. வழக்குகளுக்கு வரும் ஒலிப்பதிவுகளை ஹெட்போனில் கேட்டு, வரிக்கு வரி தட்டச்சு செய்து, அடியில் கையெழுத்திட்டு முத்திரைக்கு அனுப்ப வேண்டும். மேசைக்கடியில் ஒரு மிதி இருக்கும். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். இருபத்திரண்டு வருடமாக மிதித்ததில் எந்தச் செருப்பு வாங்கினாலும் வலது செருப்பு முதலில் தேய்ந்துவிடும். கணவர் தையல்காரர். "ரெண்டு பேருமே மிதிச்சுத்தான் பொழைக்கிறோம். என் மெஷின்ல துணியாவது வருது, உன் மெஷின்ல ஊர் வம்புதான் வருது" என்பார்.

கேட்பது அவளுக்குச் சிறு வயதிலேயே வந்த பழக்கம். அண்ணனுக்குத் திக்குவாய். கடையில் போய் "சர்... சர்..." என்று அவன் தவிக்கும்போது பாவாடை கட்டிய தங்கை பின்னாலிருந்து "சர்க்கரை வேணுமாம்" என்பாள். அடுத்தவர் பாதியில் விட்டதை முடித்துக் கொடுக்கும் குணம் அப்படியே ஒட்டிக்கொண்டது. குடிகாரர் உளறலோ பல் போனவர் முனகலோ, மிதியை நாலு தடவை மிதித்தால் அவளுக்குப் பிடிபட்டுவிடும். அதிலும் அந்த ஊரில் பாதிப் பேருக்கு ளகரம் வராது. பிள்ளைகளைப் 'பல்லி'க்கூடத்துக்கு அனுப்பும் ஊர் அது. இருந்தும் அவள் படியில் பள்ளி பள்ளியாகத்தான் இருக்கும். காதுக்கு எழுத்து தெரியாது, முன்வரியும் பின்வரியும்தான் எழுத்தைச் சொல்லும் என்பது அவள் கட்சி.

இவ்வளவு சுத்தக்காரி ஒரே ஒரு எழுத்தைத் தவறவிட்டாள். அதில் ஒரு மனிதன் சிறைக்குப் போனான்.

ஊரில் மேட்டுத் தெரு, பள்ளத் தெரு என்று இரண்டு பக்கம். பள்ளத்தில் இருப்பவர்கள் இரண்டு தலைமுறைக்கு முன்னால் பிழைக்க வந்தவர்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவர்களுக்கு 'வந்தவனுங்க' என்றுதான் பெயர். தண்ணீர் குறைந்த அந்த வருடம், அவர்களால்தான் குறைந்தது என்று மேட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. நிலத்தடி நீரை உறிஞ்சி நிற்கும் மூன்று கல்லூரிகளின் நீச்சல் குளங்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் கல்லூரிகளின் சொந்தக்காரரே மேடை போட்டு முழங்கினார்: "பள்ளத்துல இருக்கிற வந்தவனுங்களை ஒருத்தன் விடாம வெட்டிடுங்க! கேஸ் வந்தா நான் பாத்துக்கறேன்!" அந்தப் பதிவு காதிடம் வந்தது. சொன்னதைச் சொன்னபடி அடித்தாள். 'கைதட்டல், பதினோரு நொடி' என்று அடைப்புக்குள் போடவும் மறக்கவில்லை.

மூன்று நாள் கழித்துப் பள்ளத் தெருவில் ஒரு சின்னக் கூட்டம். இரவல் மைக்கில் பேசியவர் பம்புக்காரர். தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர், மேட்டுத் தெருவிலும் பாதி வீடுகளுக்கு அவர்தான் போவார். வெறுப்புப் பேச்சைத் தண்டிக்க ஒரு சட்டம் வேண்டும் என்று இரண்டு வருடம் முன்பு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவரும் அவரேதான். அந்தச் சட்டம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்று அவர் பேசியது இதுதான்: "மேட்டுத் தெருப் புள்ளைங்களுக்கும் தாகம் எடுக்கும். குழாயை நாமளே சரிபண்ணுவோம். நம்மளைத் தொரத்த வர்றவங்க இருக்காங்களே, அவங்களையும் சேர்த்துக்கொள்வோம்."

வீட்டுப் பேச்சில் 'சேத்துக்குவோம்' என்றிருப்பார். மைக் கையில் இருந்ததால் 'கொள்வோம்' என்றார். அதையும் ளகரம் வராத வாயால் சொன்னார்.

காது அன்று காலையிலிருந்து இரண்டு கொலை வழக்கு வாக்குமூலங்கள் அடித்து முடித்திருந்தாள். கொலை வழக்குகளுக்காக அவளே ஒரு வசதி செய்து வைத்திருந்தாள். 'கொ' அடித்து நட்சத்திரக் குறியைத் தட்டினால் 'கொல்' என்று தானாக வந்து விழும். மூன்றாவதாகப் பம்புக்காரர் பதிவு. காது சரியாகத்தான் கேட்டது, விரல்தான் பழக்கதோஷத்தில் நட்சத்திரத்தைத் தட்டிவிட்டது. 'அவங்களையும் சேர்த்துக் கொல்வோம்.' கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்தது.

கல்லூரிக்காரரை விசாரிக்கப் போலீஸ் அவர் வீட்டுக்கே போய்க் காபி குடித்துவிட்டு வந்தது. பம்புக்காரரை ஒரு வீட்டுக் கிணற்றுக்குள் இறங்கி நின்றபோது மேலே ஏறச் சொல்லி, கை கழுவக்கூட விடாமல் வண்டியில் ஏற்றியது. பள்ளத் தெருவைக் காப்பாற்ற வந்த சட்டத்தில் முதலில் உள்ளே போனவர் பள்ளத் தெருக்காரர்.

மூன்றாவது வாரம் அவர் மனைவி குற்றப்பத்திரிகை நகலோடு படியெடுப்புப் பிரிவைத் தேடி வந்தாள்.

"இதை அடிச்சது நீங்கதானாக்கா?"

"ஆமா."

"அவரு இப்பிடிப் பேசலக்கா. நான் முன்னாடிதான் உக்காந்திருந்தேன். மைக்கைக் கண்டா அவருக்குச் செந்தமிழ் வந்துரும், ஒத்துக்கறேன். எறும்பு புடுங்கினாக்கூட ஊதித் தள்ளுற ஆளு, அவரு போயி..."

"கொல்லுவாரா" என்று முடித்தாள் காது. வாயில் வந்த சொல் அவளையே சுட்டது.

பதிவை மறுபடி ஓட்டினாள். மேட்டுத் தெருப் பிள்ளைகளின் தாகம். குழாய். துரத்த வருகிறவர்கள். மிதியிலிருந்து கால் தானாக எழுந்தது. எதிரே நின்றவளை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

"தப்பு என்மேலதாம்மா. நான் சரி பண்றேன்."

"பண்ணிருவீங்களாக்கா? ஒரு எழுத்துதானே?"

"ஒரு எழுத்துதான்."

பிரிவின் கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "முத்திரை விழுந்தா விழுந்ததுதாம்மா. அவனவன் வந்து எழுத்தை மாத்தச் சொன்னா இது கோர்ட்டா, இல்ல சிலேட்டா?"

மறுநாள் அதே கண்காணிப்பாளர் அவளைத் தேடி வந்தார். கையில் கல்லூரிக்காரர் கோப்பு. குரலில் தேன்.

"இந்த 'வெட்டிடுங்க'ங்கிறதைக் கொஞ்சம் நல்லாக் கேளேன். 'விட்டுடுங்க'ன்னு வருதாமே?"

"முத்திரை விழுந்தாச்சே சார்."

"அது பாத்துக்கலாம். நீ கேளு."

"ஒருத்தன் விடாம விட்டுடுங்கன்னு எவனாவது பேசுவானா சார்? அதுக்குப் பதினோரு நொடி கைதட்டுவாங்களா?"

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கோப்பை மூடிவிட்டு, "உன் மனசாட்சி எனக்குத் தெரியாதா? சரி, அந்தப் பம்புக்காரனுக்குத் திருத்த மனு போட்டுக்கோ. நானே மேல அனுப்பறேன்" என்றார்.

அவள் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் வாயிலிருந்த நூலைத் துப்பிவிட்டு, "அவன் அவ்வளவு நல்லவனா? எதுக்கும் ஒரு தடவை அளவெடுத்துக்கோ" என்றார். அவள் அளவெடுக்கவில்லை. ஒரு மனிதன் வெளியே வரப்போகிறான் என்ற நினைப்பிலேயே உட்கார்ந்து எழுதினாள். கொலை வழக்குகள் அடித்த பழக்கத்தில் விரல் தவறிவிட்டது, முன்வரியையும் பின்வரியையும் பார்த்தால் சொல் 'கொள்வோம்' என்பது விளங்கும், தவறு முழுக்க என்னுடையது. கீழே கையெழுத்து.

வழக்கு நாளன்று இரண்டு கோப்புகளும் ஒரே நீதிபதி முன் வந்தன. ஆள் பற்றாக்குறை என்று நடவடிக்கைக் குறிப்பு எடுக்கவும் அவளையே உட்கார வைத்திருந்தார்கள். முதலில் கல்லூரிக்காரர் வழக்கு. அவர் வரவில்லை, முதுகு வலியாம். அவருடைய வக்கீல் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். காதுக்குத் தூரத்திலேயே தன் கையெழுத்து தெரிந்தது.

"பழக்கத்தில் விரல் தவறிவிடும் என்று தட்டச்சரே எழுதிக் கொடுத்திருக்கிறார், ஐயா. அதே ஆள், அதே வாரம், அதே இயந்திரம். இந்தப் படியை வைத்து ஒரு கல்வியாளரை எப்படிக் குற்றம் சாட்டுவது?"

நீதிபதி தலையாட்டினார். பதிவைக் கேட்கலாமே என்று யாரோ முனகியதற்கு, "கூட்ட இரைச்சல், தெளிவா இல்லை" என்றார். வழக்கு தள்ளுபடி. காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

அடுத்தது பம்புக்காரர். அரசே அமர்த்திக் கொடுத்த இளம் வக்கீல் ஆவலோடு எழுந்தார். "அப்படியானால் இந்தப் படியும் செல்லாது, ஐயா. இதுவும் அதே ஆள், அதே இயந்திரம்தான். தவறு இதில்தான் நடந்தது என்றே அவர் எழுதியிருக்கிறார்."

"இங்கேதான் ஆளே நிக்கிறானே" என்றார் நீதிபதி. "அவன் வாயாலயே கேட்டுருவோம். ஏம்ப்பா, அன்னிக்குச் சொன்ன வார்த்தையைச் சொல்லு."

பம்புக்காரர் கம்பியைப் பிடித்தார். கண் மனைவியைத் தேடியது, பிறகு காதைத் தேடியது. நாக்கை மடித்துப் பார்த்தார். நாற்பது வருடமாக மடியாத நாக்கு அன்றைக்கா மடியும்?

"சேர்த்து... கொல்வோம்ங்க ஐயா. கொல்வோம். அந்தக் கொல்வோம் இல்லைங்க, இந்த..."

சிரிப்பு அலையாக எழுந்து அடங்கியது. காதின் தொண்டை வரை வந்துவிட்டது அவர் முடிக்காத வாக்கியம். குறிப்பெடுப்பவருக்கு அங்கே வாய் கிடையாது.

அரசு வக்கீல் எழுந்தார். "குற்றவாலி தன் வாயாலேயே ஒத்துக்கொண்டான். இதையும் நீதிமன்றம் கருத்தில் கொல்ல வேண்டும்."

"கருத்தில் கொல்கிறேன்" என்றார் நீதிபதி. "ஜாமீன் கிடையாது. விசாரணை முடியுற வரைக்கும் உல்லேயே இருக்கட்டும்."

காதின் விரல்கள் ஒரு கணம் விசைகளின் மேல் நின்றன. முன்வரி, பின்வரி எல்லாம் அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக இந்த நாக்குகளுக்கெல்லாம் ளகரம் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். அன்று போடவில்லை. காதில் விழுந்ததை விழுந்தபடியே அடித்தாள். கண்காணிப்பாளர் வழக்கம்போலப் படிக்காமல் முத்திரை குத்தினார்.

மறுநாள் காலை அவர் தாளோடு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா இது? 'கருத்தில் கொல்கிறேன்'னு நீதிபதி சொன்னாரா?"

"சொன்னாரு சார்."

"அவர் சொன்னது 'கொள்கிறேன்'!"

"எப்படித் தெரியும் சார்?"

"முன்ன பின்ன பாத்தாத் தெரியாதா? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்!"

"அதையேதான் சார் நான் மனுவுல எழுதினேன்."

தட்டச்சு ஓசைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"முத்திரை விழுந்தா விழுந்ததுதான்னு நீங்கதான் சொன்னீங்க" என்றாள் அவள்.

திருத்தவே முடியாத முத்திரை முக்கால் மணி நேரத்தில் திருந்தியது. பக்கத்து மேசைக்காரர் குனிந்த தலை நிமிராமல் புதிய படி அடித்தார். அதில் எல்லோர் வாயிலும் ளகரம் மணியாக ஒலித்தது. பம்புக்காரர் வாயைத் தவிர. அவர் 'கொல்வோம்' அப்படியே இருந்தது. பழைய படியை உறையிலிட்டு, காதின் மேல் போடப்போகும் அவமதிப்பு வழக்குக்குச் சான்றாக எடுத்துவைத்தார்கள். அவள் மேசை இழுப்பறையிலிருந்த சீப்பையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஹெட்போன் அரசாங்கச் சொத்து.

வாசல் படியில் பம்புக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அவருக்கு மாற்றுச் சட்டை கொடுக்க வந்தவளாம், உள்ளே விடவில்லை. காதைக் கண்டதும் எழுந்தாள்.

"மனு குடுத்தீங்களேக்கா... என்ன ஆச்சு?"

காது படியில் உட்கார்ந்துவிட்டாள். தன் மனு யாரை வெளியே விட்டது என்பதைச் சொன்னாள். அந்தப் பெண் முழுவதையும் கேட்டாள். அழவில்லை. துணிப்பையின் காதை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

"அப்போ அவரு..." என்றாள்.

அதற்கு மேல் வரவில்லை. அவள் காதின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதியை யாராவது சொல்லிவிட்டால் போதும் என்பதுபோல் காத்திருந்தாள். காதுக்கு மீதி தெரியும். வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை.