இருபது டப்பா

எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தில் என் அக்காவின் கணவருக்கு 'இருபது டப்பா' என்று பட்டப்பெயர். காற்றுத் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதும், புதிதாக வாங்கும் முன் சோதிப்பதும் அவர் வேலை. டப்பாவுக்கு ஐந்நூறு ஈயக்குண்டு. இருபது டப்பா சுட்டுத் தீர்க்காமல் எந்தக் கம்பெனிக்கும் நற்சான்று தரமாட்டார். குடை வாங்கப் போனால் மழைக்காலம் முடிந்துதான் திரும்புவார் என்பாள் அக்கா.

ஒரு வருடம் சங்கத்துக்குத் துப்பாக்கி விற்க இரண்டு கம்பெனிகள் போட்டியிட்டன. ஒன்று முப்பது வருடமாக ஒரே மாதிரித் துப்பாக்கியைச் செய்வது. மற்றொன்று மின்சார விசையும் காற்றழுத்தம் காட்டும் குட்டித் திரையுமாகப் புதிதாக வந்தது. செயலாளரான எனக்குப் புதியதன்மேல்தான் கண். அத்தானுக்கும் அது பிடித்திருந்தது.

"புதுசுங்கிறது குத்தமில்ல மாப்ள, விசை வெண்ணெய் மாதிரி இருக்கு. ஆனா எட்டு டப்பா பாக்கி," என்றார்.

மறுநாள் கமிட்டி கூடவிருந்தது. சோதனை அறிக்கையில் இருபது டப்பா முடிந்ததாக நானே தட்டச்சு செய்தேன். வேறு தாள்களோடு சேர்த்து நீட்டினேன். நீட்டியது மைத்துனன் என்பதால் படிக்காமல் கையெழுத்திட்டார்.

ஐந்தாம் மாதம் ஒரு பெரிய போட்டியின் நடுவே, வாங்கிய ஆறு புதுத் துப்பாக்கிகளில் மூன்றில் காற்று கசிந்து, குண்டுகள் தாழப் போயின. விசாரணையில் அறிக்கையை அவர் முன் வைத்தார்கள். நெடுநேரம் பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"கையெழுத்து என்னோடதுதான்," என்றார்.

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதனை வேலை வேறொருவருக்குப் போயிற்று. ஆறு வருடம் அவர் குழல் துடைத்து எண்ணெய் போட்டார். பட்டப்பெயர் சுருங்கி வெறும் 'டப்பா' ஆனது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வீட்டுக்குப் போனால், "சாப்பிட்டியா மாப்ள?" என்பதோடு சரி. கேட்டிருந்தால் தேவலை.

போன வாரம் இறந்துபோனார். இரங்கல் கூட்டத்தில் தலைவர், நல்ல மனிதர், ஒரே ஒரு தடவைதான் சறுக்கினார் என்றார். அக்கா தலை குனிந்தாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"நீ அப்ப கூடவே இருந்தியேடா. நிஜமாவே அவசரப்பட்டாரா?"

"வயசாயிடுச்சில்லக்கா," என்றேன்.

அவர் உயிரோடிருந்தபோது நான் செய்ததைவிட இது கேவலம்.

சங்கத்தின் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதிவிட்டேன். அவர் பன்னிரண்டு டப்பாதான் சுட்டிருந்தார், அதை என்னிடம் சொல்லவும் செய்தார். அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தத் தாளை அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவள் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.