வசந்தா எடுத்த படத்தில் நானும்

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து, திருத்தணி அலுத்துக் கிடந்த காலையில் என் நாத்தனார் வசந்தாவின் மகள் கவிதா போன் செய்தாள். "அத்தே, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க." நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். இந்த வயதில் அழுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

வசந்தா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆனால் எங்கள் உறவில் பலரும் அவளைப் படம் எடுப்பவளாகத்தான் அறிவார்கள். கீறல் விழுந்த, விலை குறைந்த போன் ஒன்றுதான் வைத்திருந்தாள். லென்ஸை முந்தானையால் துடைக்காமல் ஒரு படமும் எடுக்க மாட்டாள். "கைய வெச்சு பெருசாக்காதீங்க, கால வெச்சு கிட்ட போங்க" என்பாள்.

மலைமேல் என் பேரனுக்கு மொட்டையடித்த அன்று, உச்சி வெயிலில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றோம். மண்டப நிழலின் ஓரத்துக்கு எங்களை நகர்த்தினாள். என் கணவரின் வெள்ளைத் துண்டைக் குழந்தைக்கு எதிரே விரித்துப் பிடிக்கச் சொன்னாள். துண்டில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் சந்தனம் பூசிய தலையும் முகமும் தெளிவாக வந்தன.

"அண்ணி, கான்வென்ட் சிஸ்டருங்க முன்னாடி நிக்கிற மாதிரி நிக்கிறீங்க. கொஞ்சம் மூச்சு விடுங்க."

நேராக நிற்பதில் எனக்கு வெட்கமில்லை என்றேன்.

என் கணவர் இறந்த மறு ஆண்டு, பொதட்டூர்பேட்டையில் கவிதாவின் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் மண்டப வாசலில் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுக்கப் போனாள் வசந்தா. நான் மணப்பெண்ணின் தாய்மாமன் மனைவி. ஆனாலும் தூணருகே ஒதுங்கியிருந்தேன். கூப்பிடாத இடத்தில் போய் நின்று எனக்குப் பழக்கமில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா, "அவங்க அப்பறமா தனியா எடுத்துக்கட்டுமே" என்றார். வசந்தா போனை இறக்கினாள்.

"எங்க அண்ணி வராம இது படம் எடுக்காதுங்க. மலிவு போன்தான், ஆனா ரோஷம் ஜாஸ்தி."

"வற்புறுத்தாத வசந்தா. எனக்கு யாரோட இரக்கமும் வேணாம்" என்றேன்.

"இரக்கப்பட்டா கூப்புடுறேன்? இங்க வெளிச்சம் நல்லா விழுந்துகினு இருக்குது. அங்க இருட்டுல நின்னா எப்புடி எடுக்கறது அண்ணி?"

போய்க் கவிதாவின் பக்கத்தில் நின்றேன். மேடையில் பெரிய விளக்குப் போட்டு எடுத்த படங்களில் எல்லோரும் சுண்ணாம்பு அடித்தது போல் இருக்கிறோம். வாசலில் எடுத்த அந்த ஒரு படத்தில்தான் எங்கள் முகங்கள் எங்கள் முகங்களாக இருக்கின்றன.

வசந்தாவின் கருமாதி முடிந்து உறவினர் கலைவதற்குள் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று கவிதாவின் கணவர் எல்லோரையும் நிற்கச் சொன்னார். அழுது களைத்திருந்த கவிதா என்னைக் கவனிக்கவில்லை. கால் வலித்தது. உட்கார்ந்தே இருந்திருக்கலாம். எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

வசந்தாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். எனக்கு உரிய இடத்தில் நிற்க, இனி யாருடைய அழைப்புக்கும் காத்திருக்கப் போவதில்லை.